வளையத்தில் அங்கசுத்தம்

ஆங்கிலத்தில் ஃபார்ம் என்று ஒரு சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் பொழுதைக் கெடுப்பதற்கென்றே பிறந்த சொற்களில் அதுவும் ஒன்று. அரசு அலுவலகத்தில் அது படிவம். இலக்கிய விமர்சனத்தில் உருவம் (உருவமா உள்ளடக்கமா என்ற சண்டையில் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் செலவழித்த காகிதம் கொஞ்சநஞ்சமல்ல). கிரிக்கெட்டில் அதை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை. மட்டை பிடிப்பவர் ஃபார்மில் இருக்கிறார், அல்லது இல்லை. உடற்பயிற்சிக்கூடத்தில் அதே சொல்லுக்கு நான்காவதாக ஒரு பொருள்: ஒரு பயிற்சியைச் செய்யும்போது உடலின் ஒவ்வோர் உறுப்பும் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது.

ஜிம்னாஸ்டிக்ஸ் வளையப் பயிற்சி பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் சிலவற்றை அண்மையில் தமிழாக்க வேண்டிவந்தபோது இந்த நான்காவது பொருளில் மாட்டிக்கொண்டேன். ‘சரியான முறை’ என்றால் சப்பென்று இருக்கிறது. ‘நேர்த்தி’ என்பது அழகைச் சொல்கிறது, எலும்பைச் சொல்லவில்லை. கடைசியில் விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பரதநாட்டியத்தில் அங்கசுத்தம் என்பார்கள். அரைமண்டியில் முதுகு வளைகிறதா, முழங்கை தோளின் உயரத்தைவிட்டு இறங்கிவிட்டதா என்று தட்டுக்கழியோடு உட்கார்ந்திருக்கும் நட்டுவனார் பார்ப்பது இதைத்தான். ஃபார்ம் என்பதன் முழுப்பொருளும் இதில் இருக்கிறது. இரும்புத் தட்டுகளோடு மல்லுக்கட்டும் ஆண்பிள்ளைகள் நாட்டியத்திலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கக் கூச்சப்படலாம். படட்டும்.

குறிப்புகள் பேசிய பயிற்சியின் பெயர் ரிங் டிப்ஸ். அதுவும் இடுப்பில் எடையைக் கட்டிக்கொண்டு செய்வது. பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் புதிதல்ல. இரண்டு இணைகம்பிகளுக்கு நடுவே கைகளை ஊன்றி, உடலை அந்தரத்தில் நிறுத்தி, முழங்கையை மடக்கி இறங்கி, மீண்டும் கையை நீட்டி எழுவது டிப்ஸ். ஊருக்கு ஊர் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் ‘பார்’ என்ற பெயரில் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளில் பல தலைமுறைகள் செய்துவந்ததுதான். தரையில் எடுக்கும் தண்டாலுக்கு இது அண்ணன் முறை. (தண்டாலும் வடக்கத்தி மல்யுத்தக் கூடங்களின் ‘தண்ட்’ தான், தெற்கே வந்து வால் முளைத்துக்கொண்டது.) தண்டாலில் உடல் எடையின் ஒரு பகுதியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். டிப்ஸில் முழு எடையும் கையில்.

அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டு, மேலிருந்து பட்டையில் தொங்கும் இரண்டு வளையங்களைக் கொடுத்தால் அது ரிங் டிப்ஸ். கம்பி நகராது, வளையம் எல்லாத் திசைகளிலும் நகரும், போதாததற்குத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் செய்யும். கம்பியில் சர்வசாதாரணமாக 20 டிப்ஸ் எடுப்பவர் முதன்முதலாக வளையத்தில் ஏறினால் கைகள் வெடவெடவென்று நடுங்கும். அவரிடம் வலு குறைந்துவிடவில்லை. வளையத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் வேலையை அதுவரை கம்பி செய்துகொண்டிருந்தது. இப்போது அந்த வேலை அவருடைய தோளுக்கு வந்திருக்கிறது.

இந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் நிற்கும் முறையும் பாதி விளங்கிவிடும். 1896ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வளையப் போட்டி இருந்தது. கிரேக்க வீரர் யோவானிஸ் மித்ரோபுலோஸ் வென்றார். இன்று ஆண்களுக்கான ஆறு கருவிகளில் அது ஒன்று. பெண்களின் கருவிகளில் அது கிடையாது. தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரத்தில் வளையம். அதன் உள்விட்டம் 18 சென்டிமீட்டர், பருமன் 28 மில்லிமீட்டர். தொங்கும் புள்ளிகளுக்கு இடையே 50 சென்டிமீட்டர். இந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் இன்னமும் ‘அசையா வளையங்கள்’ என்ற பொருளில்தான் பெயர். ஊஞ்சல்போல வீசி ஆடும் வளையங்கள் ஒரு காலத்தில் தனியாக இருந்தன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. வளையம் ஊசலாடினால் நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள். வலுவைக் காட்டும் நிலை எதுவானாலும் குறைந்தது இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஆடுவதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு பொருளை ஆடவிடாமல் வைத்திருப்பதுதான் அங்கே போட்டி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைய வீரர் மேடையில் எடை கட்டிக்கொண்டு ஏறுவதில்லை. கடினத்தைக் கூட்ட அவர் கையாளும் வழி வேறு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிச் சிலுவைபோல நிற்கும்போது உடல் எடை முழுவதும் தோளிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் போய்விடுகிறது. நெம்புகோல் நீண்டுவிட்டது. எடை அதேதான், சுமை பல மடங்கு. இடுப்பில் இரும்பைத் தொங்கவிடும் வழக்கம் பளு தூக்குபவர்களின் குடும்பத்திலிருந்து வந்தது. ஆக, எடை கட்டிய ரிங் டிப்ஸ் ஒரு கலப்பு மணம். ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் அசையாமையைக் கேட்கும். பளுதூக்கல் பக்கம் கிலோவைக் கேட்கும். 2000ல் அமெரிக்காவில் தொடங்கிய கிராஸ்ஃபிட் என்ற பயிற்சி முறை மூன்றாவதாகக் கடிகாரத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. வளையங்கள் சாதாரண உடற்பயிற்சிக்கூடங்களுக்குள் நுழைந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. கூடவே, நேரத்துக்குள் எண்ணிக்கையை முடிக்கக் காலை உதறி எழும் பழக்கமும் நுழைந்தது. மூன்று மாமியார்களில் யாருடைய பேச்சைக் கேட்பது என்பதுதான் சிக்கல். நான் முதலாமவர் கட்சி.

ஏன் என்று சொல்வதற்கு உச்சி நிலையிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் டிப்ஸ் என்றால் இறங்குவதையும் ஏறுவதையும் மட்டும் நினைக்கிறார்கள். வளையத்தில் பாதிக் கதை, இறங்குவதற்கு முன் மேலே சும்மா நிற்பதில் இருக்கிறது. கைகள் முழுக்க நீண்டு, முழங்கை பூட்டியிருக்க வேண்டும். தோள்கள் காதைத் தொட வரக்கூடாது. வளையத்தைத் தரையை நோக்கி அழுத்துவதுபோல் அழுத்தினால் கழுத்து நீண்டு தெரியும், தோள்பட்டை எலும்புகள் கீழே இறங்கி உட்காரும். பிறகு வளையங்களை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும்: கட்டைவிரல்கள் வெளியே பார்க்க, உள்ளங்கைகள் முன்னே பார்க்க. முழங்கையின் உட்புறம் இப்போது முன்னால் தெரியும். தொங்கும் பட்டைகள் கையில் எங்கும் படக்கூடாது. முன்கையைப் பட்டைமேல் சாய்த்துக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும், ஏனென்றால் அங்கே வேலையைப் பட்டை செய்கிறது. விலாவை உள்ளே இழுத்து, பிட்டத்தை இறுக்கி, கால்களைச் சேர்த்து, பாதங்களை இடுப்புக்குச் சற்றே முன்னால் வைத்தால் உடல் மெல்லிய பிறைபோல் ஆகும். முதுகு பின்னால் வளைந்து வயிறு முன்னே தள்ளினால் அது பிறையல்ல, வாழைப்பழம். ஆங்கிலப் பயிற்சியாளர்களும் அதை வாழைப்பழம் என்றே திட்டுகிறார்கள்.

இந்த நிலையில் 30 விநாடி நிற்க முடியாதவர் எடை கட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பத்தாவது விநாடியில் வளையம் உள்ளே திரும்பத் தொடங்கும். இருபதாவதில் தோள் மேலே ஏறும். இவை இரண்டும் தோளைத் தாங்கும் சிறு தசைகள் கைவிட்டுவிட்டதன் அடையாளம். மார்புத் தசைக்கும் கையின் பின்புறத் தசைக்கும் இன்னும் சரக்கு இருக்கலாம். அவை மேலும் ஐந்து டிப்ஸ் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் வண்டியில் பெட்ரோல் இருக்கிறது, ஓட்டுநர் தூங்கிவிட்டார்.

இறங்கும்போது கவனம் தோளில் இருக்க வேண்டும். தோள்மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். இடுப்பிலும் அதே அமைப்புதான். ஆனால் அங்கே கிண்ணம் ஆழமானது. தோளிலோ அது கிண்ணம்கூட இல்லை, ஒரு சிறு தட்டு. பந்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் அது தொட்டுக்கொண்டிருக்கும். கை எல்லாத் திசையிலும் சுழல்வதற்கு உடல் கொடுத்திருக்கும் விலை இது. பந்து தட்டைவிட்டு நழுவாமல் இழுத்துப் பிடிப்பவை சுற்றிலும் இருக்கும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும்தான். டிப்ஸின் அடிமட்டத்தில் மேற்கை உடலுக்குப் பின்னால் போகிறது. அப்போது பந்து முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. முன்புற உறை இழுபடுகிறது. இறங்குவது கட்டுக்குள் இருந்தால் இதைத் தாங்கப் பழகலாம். தொப்பென்று விழுந்து, அடியில் ஓர் எகிறு எகிறி எழுந்தால், உடல் எடையும் கட்டிய எடையும் சேர்ந்து அந்த உறையில்தான் மோதி நிற்கின்றன.

ஆகவே இறங்குவதற்கு மூன்று விநாடி. மேலே வெளியே திரும்பியிருந்த வளையங்கள் இறங்கும்போது மெல்லத் திரும்பி ஒன்றுக்கொன்று இணையாக வரும், வரவிட வேண்டும். முழங்கைகள் பின்னால் போக வேண்டும், கோழி இறக்கைபோல் பக்கவாட்டில் விரியக்கூடாது. உடல் சற்று முன்னே சாயும். முன்கைகள் கூடியவரை செங்குத்தாக நிற்கும். வளையங்கள் விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் அதைத் திரும்ப இழுப்பதில் பாதி வலு போய்விடும். எவ்வளவு ஆழம்? தோள் முழங்கையைவிடக் கீழே போனால் முழு டிப்ஸ். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் இன்னும் கீழே, கை கிட்டத்தட்ட அக்குள் மட்டத்துக்கு வரும்வரை கேட்பார்கள். ஆனால் எல்லோருடைய தோளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதல்ல. நாற்பதைத் தாண்டி, இருபது ஆண்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்த தோள் அவ்வளவு தூரம் வராது. தோள்பட்டை முன்னே உருளத் தொடங்கும் புள்ளி எதுவோ அதற்குச் சற்று மேலே நிற்பதே அவரவர் ஆழம். எழுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலை உதறாமல், தலையை நீட்டாமல் எழுந்து, முழங்கையைப் பூட்டி, வளையத்தை வெளியே திருப்பி, ஒரு விநாடி நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடி இல்லாவிட்டால் நான் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கணக்கு என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. கிழக்கு தில்லியில் நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன். 22 வயது. அருகிலிருந்த உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. படிக்கட்டில் பார்த்தபோது முகமெல்லாம் பூரிப்பு.

“அங்கிள், இருபத்தஞ்சு கிலோ கட்டிட்டு ரிங்ல எட்டு எடுத்தேன்.”

“மேல வந்து நிப்பியா ஒவ்வொரு தடவையும்?”

“நின்னா எட்டு வராது அங்கிள். அதெல்லாம் யார் பாக்கறாங்க? கவுண்ட்தானே.”

அவன் சொன்னதில் தவறில்லை. உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் அவனோடு போய்ப் பார்த்தேன். பயிற்சியாளர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தியில் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்துக்கு மேல் பையனின் தோள்கள் காதோடு ஒட்டிவிட்டன. வளையங்கள் இரண்டும் இரண்டு திசையில் போயின. இரும்புத் தட்டு முழங்காலுக்கிடையே கோவில் மணிபோல் ஆடியது. பயிற்சியாளரின் குரல் மட்டும் உச்சத்தில்: “அவுர் ஏக்! அவுர் ஏக்!” இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. சில மாதங்களுக்குப் பிறகு மெட்ரோவில் அவனைச் சந்தித்தேன். தலைக்கு மேல் தொங்கும் கைப்பிடியை இடது கையால் பிடித்திருந்தான். வலது கை அந்த உயரத்துக்குப் போகவில்லை. சட்டைக்குள் கையை நுழைக்க அம்மாவின் உதவி தேவைப்படுவதாகச் சொன்னான். மருத்துவர் நீண்ட ஓய்வும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்திருந்தார். கல்லூரி முடித்து, ஒரு கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் வேலைக்குச் சேரவிருந்தவன். மூட்டை தூக்க வேண்டிய வேலை.

தோள் வலியில் எல்லாமே ஒரு பயிற்சியால் வருவதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணை மட்டும் பார்க்கும் கண் நம்மிடம் பழையது. நம் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனிடம் முதுகு நேராக இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கல் தோளைத் தாண்டியதா, பெண் கொடுக்கலாமா என்பதோடு விசாரணை முடிந்தது. காசி போன்ற ஊர்களின் மல்யுத்தக் கூடங்களில் வேறொரு மரபு இருந்தது. ‘கர் நால்’ என்று ஒரு கல் வளையம். பயில்வான்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்டாலும் பஸ்கியும் எடுப்பார்கள். எடை கட்டிய பயிற்சி நமக்கு நேற்று வந்ததல்ல என்பதற்கு அந்தக் கல் சாட்சி. கல் உடம்போடு ஒட்டிக் கிடந்தது, தனியாக ஆடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஏனென்றால் எடை கட்டுவதில் முதல் சிக்கலே ஆட்டம்தான். வழக்கமான முறை, இடுப்பில் அகலமான பெல்ட், அதிலிருந்து சங்கிலி, சங்கிலியில் இரும்புத் தட்டு. நிலையான கம்பியில் இதனால் பெரிய தொல்லையில்லை. வளையத்திலோ ஆள் ஓர் ஊசல். அவரிடமிருந்து தொங்கும் தட்டு இரண்டாவது ஊசல். ஊசலின் கீழ் இன்னோர் ஊசலைக் கட்டினால் அது எப்படி ஆடும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பது இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும். ஆகவே சங்கிலியைக் கூடியவரை குட்டையாக்கித் தட்டைத் தொடைகளுக்கிடையே நிறுத்த வேண்டும். தொடைகளால் லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். உடம்போடு ஒட்டும் எடை ஜாக்கெட் கிடைத்தால் அதுவே மேல், குறைந்த எடைகளுக்கு. கணுக்கால்களுக்கிடையே டம்பெல்லைக் கவ்விக்கொள்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைத் தாங்கக் கால் பின்னால் மடங்கும், முதுகு வளையும், பிறை மறுபடியும் வாழைப்பழமாகும். நழுவினால் கீழே இருப்பது சொந்தப் பாதம்.

எவ்வளவு எடை? 70 கிலோ உள்ளவர் அசையாமல் நின்றால் ஒவ்வொரு கையிலும் 35 கிலோ. 20 கிலோ கட்டினால் 45. கூட்டல் கணக்கில் இது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் வளையம் விலகும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப இழுக்கும் பக்கவாட்டு வேலையும் அதே விகிதத்தில் கூடுகிறது. அந்த வேலையைச் செய்வது மார்புத் தசை மட்டுமல்ல. மேலே சொன்ன நான்கு சிறியவர்களும் அதில் பங்காளிகள். ஆகவே, உச்சியில் 30 விநாடி நின்று காட்டியவர், எடையில்லாமல் ஒவ்வொன்றுக்கும் மேலே நின்று, பத்துப் பத்தாக மூன்று சுற்று எடுத்துக் காட்டியவர், இரண்டரைக் கிலோவில் தொடங்கட்டும். ஐந்தைந்தாக எடுக்கட்டும். பெருமைக்கு ஒன்றே ஒன்று என்று உச்ச எடையில் முயல்வதற்கான இடம் நிலையான கம்பி, வளையம் அல்ல. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். அந்த எடையில் உச்சி நிற்கும் விநாடி சுத்தமாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சிறு தட்டு. ஒன்றேகால் கிலோத் தட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. யாரும் கேட்டு வாங்காததால் மூலையில் தூசு படிந்து கிடக்கும்.

பொறுமை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களிலேயே வலுவாகிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் மாறும். அதற்கு மாதங்கள் வேண்டும். புதிதாக வந்த தசை, பழைய நாணை இழுக்கும் காலம் ஒன்று உண்டு. விபத்துகள் நடப்பது அந்த இடைவெளியில். நாண் என்பது எவ்வளவு தூரம் போகும், எங்கே அறும் என்பதற்கு வளைய வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். இத்தாலியின் யூரி கெக்கி 1993 முதல் 1997 வரை தொடர்ந்து ஐந்து முறை வளையத்தில் உலகச் சாம்பியன். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம். ‘வளையங்களின் அதிபதி’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1992 பார்சிலோனாவுக்கு முன் அவர் குதிகால் நாண் அறுந்தது. 2000 சிட்னிக்கு முன் கையின் பைசெப்ஸ் நாண். இரண்டு ஒலிம்பிக்குகள் போயின. 2004ல், 34 வயதில், ஏதென்ஸுக்குத் திரும்பி வந்து வெண்கலம் வென்றார். அவரிடம் உலகின் சிறந்த பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் நான்கு ஆண்டு அவகாசமும் இருந்தன. கிழக்கு தில்லிப் பையனிடம் இருந்தது, எண்ணுவதற்கு ஒரு குரல்.

உடல் அனுப்பும் தந்திகள் தெளிவானவை. தசை எரிவது பரவாயில்லை. அது வேலை செய்கிறது. தோளின் முன்பக்கத்தில் ஊசி குத்துவதுபோல் ஒரே புள்ளியில் வலித்தாலோ, காரை எலும்பின் நுனியில் வலித்தாலோ, நெஞ்செலும்பின் ஓரத்தில் அடுத்த நாளும் வலி நின்றாலோ எடையைக் கழற்றிவிட வேண்டும். அதன்பின்னும் வலித்தால் வளையத்தையும் விட்டு இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி கையில் பரவினாலோ, மூச்சு முட்டினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அது பயிற்சி சமாச்சாரமே அல்ல, உடனே மருத்துவமனை.

கடைசியாக, எங்கே தொங்கவிடுவது என்ற லௌகீகம். மர வளையம் வாங்குங்கள். பிளாஸ்டிக் வியர்வையில் வழுக்கும். கைக்கு மெக்னீசியம் கார்பனேட் தூள் போதும். பட்டைகளில் எண் குறித்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் பூட்டலாம். ஒரு விரற்கடை ஏற்றத்தாழ்வுகூட ஒரு தோளை மட்டும் தண்டிக்கும். பட்டை நீளமானால் வளையம் எளிதில் விலகும், குட்டையானால் அடங்கும். புதியவர்களுக்குக் குட்டைப் பட்டை நல்லது. எடை கட்டும் நாளில் காலடியில் உறுதியான முக்காலி ஒன்று இருக்கட்டும். ஏறுவதும் இறங்குவதும் அதன்மேல், தட்டோடு குதிக்கக்கூடாது. கூரையிலுள்ள மின்விசிறிக் கொக்கியில் கட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. சில கிலோ எடையுள்ள விசிறிக்காகப் போட்ட கொக்கி அது. ஆடும் ஆளுக்காகப் போட்டதல்ல. வாசல் நிலையில் முறுக்கி மாட்டும் கம்பியும் வேண்டாம்.

பழைய தமிழ் வீடு வாய்த்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூடத்து உத்தரத்தில் ஊஞ்சலுக்காக அடித்த நான்கு கொக்கிகள். நான்கைந்து பேர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஆடியதைத் தாங்கியவை. பலகையின் அகலவாக்கில் இரண்டு கொக்கிகளுக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒன்றரை அடி முதல் இரண்டடி இருக்கும். போட்டி வளையங்களின் 50 சென்டிமீட்டருக்கு அது வெகு அருகில் வருகிறது. உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஒரு தச்சரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்ற வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.